டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் நடுவே

ஆனையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட வைத்தவரே அவர்தான். வீடு பார்க்கப் போன அன்று, "ஓனரம்மா..." என்று நான் இழுத்தேன். "அதென்ன ஓனரம்மா, கரண்டு ஆபீஸ்ல கூப்பிடற மாதிரி? அத்தைன்னு சொல்லுங்க மாப்ள" என்றார். மதுரையில் மாப்பிள்ளை ஆவதற்குப் பெண் எடுக்க வேண்டும் என்றில்லை, வாடகைக்கு வீடு எடுத்தாலே போதும்.

வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என்ன வேலை, எத்தனை பேர், சுவரில் ஆணி அடிப்பீர்களா, விருந்தாளிகள் வந்து தங்குவார்களா. அவர் ஒன்றையும் கேட்கவில்லை.

"உங்க அம்மா வீடு எங்க மாப்ள?"

"சமயநல்லூர்."

"ஏத்தா, உங்க அம்மா வீடு?" என்று என் மனைவியிடம் திரும்பினார்.

"திருமங்கலம்."

"ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம்?"

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மாவட்டத்தின் எல்லாச் சாலையும் என் பைக்குக்கு மனப்பாடம். "முப்பது கிலோமீட்டர் இருக்கும்" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் அதை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். "நல்ல தூரந்தான். கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனாலும் பஸ்ல போகயிலேயே பாதி ஆறிரும்" என்று சொல்லிவிட்டு மாடி வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

அன்றைக்கு அதைக் கிண்டல் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு உலகத்தைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. இரண்டு பேரைப் பற்றிப் பேச்சு வந்தால் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்காமல் இருக்க மாட்டார். தெருவில் யார் வீட்டிலாவது கல்யாணப் பத்திரிகை வைத்தால், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று எல்லோரும் கேட்பார்கள். அத்தை பெண் வீட்டு ஊரையும் மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊரையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, "ராத்திரி பஸ் உண்டா?" என்பார்.

ஆனால் தன்னிடமிருந்து அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து எல்லாமே பக்கந்தான். முழங்கால் வீங்கிக் கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடவா என்றால், "எதுக்கு, இந்தா பக்கந்தான்" என்று கிளம்பிவிடுவார். சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதை மாடியிலிருந்து பார்த்து என் மனைவி திட்டுவாள். மகன் டொராண்டோவில் இருக்கிறாராமே, ரொம்பத் தூரமோ என்று யாராவது கேட்டாலும் அதே பதில்தான். "பக்கந்தான். போன அமுக்குனா வந்துருவான்."

ஒருமுறை எனக்கும் என் மனைவிக்கும் சண்டை. காரணம் இப்போது ஞாபகம் இல்லை, நிச்சயமாக என் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும். அவள் அடுப்படியிலும் நான் ஹாலிலுமாக இரண்டு நாள் ஓடியது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அத்தை ஏறி வந்தார். மீன் குழம்புக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். மீன் வறுவலை உள்ளே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். "சேத்துச் சாப்பிட்டாத்தான் ருசி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். குழம்பில் உப்பே இல்லை. வறுவலில் உப்பு தூக்கல். வேண்டுமென்றே செய்தாரா, கை தவறியதா என்று கேட்டால் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை.

இப்படி ஊராரை ஒட்டவைக்கத் தெரிந்தவருக்குத் தன் வீட்டில்தான் கைவரவில்லை.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மெல்போர்னில், இளையவன் டொராண்டோவில். இருவரும் அம்மாவிடம் தினமும் பேசுவார்கள், ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். அம்மா வழியாகக்கூட விசாரிப்பு கிடையாது. மகன் பேசும்போது அத்தை மெதுவாக, "அக்காவுக்கு லேசாக் காய்ச்சலாம்" என்பார். அந்தப் பக்கம், "சரிம்மா, சிலிண்டர் வந்துருச்சா?" என்று பேச்சு மாறிவிடும். அத்தைக்குப் போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் இல்லை. ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். அதனால் இதெல்லாம் மாடிக்கே கேட்கும்.

போன் வைத்தவுடன் யார் எதிரே வந்தாலும் கேள்வி பறக்கும். "டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் பிளேன்ல எம்புட்டுத் தூரம்?" கேபிள்காரரைக் கேட்டிருக்கிறார். சர்க்கரை பார்க்க வந்த நர்ஸைக் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். மதுரையிலிருந்து டொராண்டோ இவ்வளவு, மதுரையிலிருந்து மெல்போர்ன் இவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள். அத்தைக்குச் சுருக்கென்று வந்துவிடும்.

"மதுரையில இருந்து எவன் கேட்டான்? அங்கன இருந்து அங்கனக்குச் சொல்லு."

என்னிடம் கேட்டபோது சரியாகப் பார்த்துச் சொன்னேன். பதினாறாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அத்தைக்கு ஆயிரம் என்றாலே புரியாது. அவருடைய அளவுகோல் உசிலம்பட்டி.

"அது எத்தனை உசிலம்பட்டி மாப்ள?"

கணக்குப் போட்டேன். ஆனையூரிலிருந்து உசிலம்பட்டி நாற்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இருநூறு தடவை போய்த் திரும்பி வர வேண்டும்.

அத்தை சிரித்துவிட்டார். "அம்புட்டுத்தானா? உங்க மாமா அங்க பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்தாருல்ல, ஒரு வருசத்துல அம்புட்டுத் தடவ போய்ட்டு வந்தாரே. அதுவும் டவுன் பஸ்ல, நின்னுக்கிட்டு."

பிள்ளைகள் மதுரையில் படிக்க வேண்டும் என்று வீட்டை இங்கே கட்டிவிட்டு, மாமா ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போய் வந்தாராம். நாங்கள் குடி வந்தபோது மாமா இல்லை, கூடத்தில் படமாக இருந்தார். பிள்ளைகள் பேசாமல் போனதும் அவர் இறந்த அன்றைக்குத்தான். அத்தை எனக்குச் சொன்னது இவ்வளவு: மாமா ஒரு வியாழக்கிழமை காலையில் போனார். மெல்போர்ன் கொஞ்சம் கிட்டே, மகள் மறுநாளே வந்துவிட்டாள். டொராண்டோ எட்டக் கிடக்கிறது, மகன் சனிக்கிழமை காலையில்தான் வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே காரியம் முடிந்திருந்தது. ஒரு ராத்திரி வைத்திருக்கக்கூடாதா என்று மகன் வாசலில் நின்று கத்தினான். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று மகள் சொன்னாள். அதோடு சரி.

"நம்ம ஊர்ல இருந்து அளந்ததாலதான் மாப்ள இந்த வம்பே" என்றார் அத்தை. அவர் ஏன் மதுரையிலிருந்து தூரம் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மகளை ஒரு தடவைகூடப் பார்க்காமலே எனக்கு அவள் மேல் மனத்தாங்கல் வந்தது. என்ன பெண் இவள், தம்பிக்காக ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா என்று என் மனைவியிடம் சொன்னதும் உண்டு.

நாங்கள் அங்கே இருந்த மூன்றாவது வருஷம் காதுகுத்துப் பேச்சு வந்தது. மகளுடைய பெண் குழந்தைக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டார்கள். மாமன் தோடு வாங்கி வர வேண்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கோர்ட்டில் வழக்கு நடக்கிற அக்கா தம்பிகூட அன்றைக்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

அத்தை இதைத்தான் நம்பி இருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் வைத்துக்கொள்வோம், மகன் அந்தப் பக்கமிருந்து வரட்டும், மகள் இந்தப் பக்கமிருந்து வரட்டும், நம் ஊர் நடுவில்தானே இருக்கிறது என்று திட்டம். மகன் வருஷா வருஷம் லீவு சேர்த்துவைத்து அம்மாவைப் பார்க்க வருபவன். அந்த லீவை அப்போதைக்குப் போடச் சொன்னால் தீர்ந்தது. மகளிடம் சொன்னார். மகள் வயிற்றில் அடுத்தது வளர்ந்துகொண்டிருந்தது, டாக்டர் பிளேன் ஏறக்கூடாது என்றுவிட்டார்.

"தள்ளி வச்சுக்கலாம்த்தா" என்றார் அத்தை.

"எதுக்கும்மா தள்ளணும்? இங்க கடையில ரெண்டு நிமிசத்துல குத்திவிட்டுருவாங்க. எவன் மடியும் வேணாம்."

அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் பைக்கை எடுக்கும்போது கூப்பிட்டார். "மாப்ள, அங்கன இருந்து அங்கன பிளேன் எப்படிப் போகும்? நம்ம ஊருக்கு மேலதான போகும்? தம்பி அக்காவப் பாக்கப் போகயில இங்கன எறங்கி, என்னையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்ல?"

போனில் உலக உருண்டையைத் திருப்பிக் காட்டினேன். டொராண்டோவிலிருந்து கோடு கிளம்பியது. அமெரிக்காவைக் குறுக்கே தாண்டி, பெரிய கடலில் இறங்கி, தண்ணீர் மேலேயே நெடுந்தூரம் போய் ஆஸ்திரேலியாவில் ஏறியது. மதுரை உருண்டையின் அந்தப் பக்கம் இருந்தது. இங்கே வந்து போவதென்றால் ஆறாயிரம் கிலோமீட்டர் கூடுதல் சுற்று.

அத்தை விரலை அந்தக் கடல் மேல் வைத்துப் பார்த்தார்.

"நம்ம ஊரு வழியிலேயே இல்லையா?"

ஏன் இதைக் காட்டித் தொலைத்தேன் என்று இருந்தது. அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. விரலை அந்தக் கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நாந்தான் நடுவுல உக்காந்துக்கிட்டு ரெண்டையும் சுத்த விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கீழே கூப்பிட்டார். குளித்துத் திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பிகிட்ட ஒன்னு சொல்லணும். நீங்க பக்கத்துல இருங்க மாப்ள. நான் பாதியில நிறுத்திட்டேன்னா, சொல்லுங்க அத்தைன்னு சொல்லணும். அம்புட்டுத்தான் உங்க வேல."

மகனுக்கு அங்கே முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். தட்டுச் சத்தம் கேட்டது. "என்னம்மா, இந்நேரம்?" என்றான்.

"தம்பி, அப்பாவ எடுக்கச் சொன்னது அக்கா இல்லப்பா. நாந்தான்."

தட்டுச் சத்தம் நின்றது. "என்னம்மா சொல்ற?"

"வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்னு நாந்தான் நின்னேன். நீ சனிக்கிழமை வாரேன்ன. சனிப் பொணம் தனிப் போகாதும்பாங்க, கூட ஒரு ஆளக் கூப்பிடும்பாங்க. நீ அந்நேரம் வானத்துல வந்துக்கிட்டு இருக்க..."

அத்தை நிறுத்திவிட்டார். எனக்கு என் வேலையே மறந்துபோயிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பிறகுதான், "சொல்லுங்க அத்தை" என்றேன்.

"உங்க பெரியப்பா, பாடையில கோழியக் கட்டி அனுப்புவோம், ஒன்னும் ஆகாதுன்னாரு. எல்லாரும் அப்படித்தான செய்யிறாங்கன்னாரு. கோழிய நம்பி எம்பிள்ளைய வானத்துல விடச் சொல்றீகளான்னு சண்டை பிடிச்சேன். அக்கா, தம்பி வந்துரட்டும்மா, தம்பி வந்துரட்டும்மான்னு காலப் பிடிச்சுக் கெஞ்சுனா. நான் கேக்கல. மறுநா நீ வந்து கத்துனப்ப, நாந்தான் சொன்னேன்னு அவ முந்திக்கிட்டா. எனக்கு வாய் வரலப்பா. புருசனும் போயி, பிள்ளையும் பேசாமப் போயிட்டா நான் என்ன செய்வேன்னு பயந்துட்டேன்."

அந்தப் பக்கம் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாலு வருசமா அவளத் திட்டிக்கிட்டு இருக்கேம்மா" என்றான்.

"ஆமாப்பா."

"இந்தச் சனிக்கிழமை, கோழி, இதுக்காகவாம்மா எங்கப்பன் மொகத்த நான் பாக்கல?"

"ஆமாப்பா. இந்த வருசம் இங்க வராத. நேரா அக்காகிட்டப் போ. பிள்ளைக்குக் காது குத்தணும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. நாலு வருஷம் அந்தப் பெண் பழியைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். அவளைப் போய் நானும் என்னவெல்லாமோ நினைத்திருக்கிறேன். அதே நேரம், வானத்தில் வந்துகொண்டிருந்த பிள்ளைக்காகச் செத்துக் கிடந்த புருஷனை அவசரமாக அனுப்பிவைத்துவிட்டு அந்த ராத்திரியை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். என் கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"நீங்க எதுக்கு மாப்ள? அக்கா மேல இருந்தது எம்மேல வந்துருச்சு. பெத்தவ மேல கோவம் இருந்தா இருந்துட்டுப் போகுது. கூடப் பொறந்தவ மேல இருக்கக்கூடாது."

சொன்னாரே தவிர, அவருக்கு அது லேசாக இல்லை. மகனுடைய தினப்படிப் பேச்சு நின்றுபோனது. அந்த நேரத்துக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடியில் சத்தமே கேட்காது, அது எங்களுக்கே கஷ்டமாக இருந்தது. என் மனைவி ஏதாவது காரணம் சொல்லிக் கீழே போய் அந்த நேரத்தில் கூட உட்கார்ந்துகொள்வாள்.

சில நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். "ஏம்மா சொன்ன? நான் ஏதாச்சும் கேட்டனா உன்கிட்ட?" என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அவன் டிக்கெட் போட்டுட்டான்மா. தோடு என்ன டிசைன் வாங்கன்னு எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கான்" என்றாள்.

"உங்கூடப் பேசுனானா?"

"பேசுனான். உன்கிட்ட?"

"அத விடு. ஜிமிக்கி வேணாம்னு சொல்லு, சின்னப் பிள்ளைக்குக் கனக்கும்."

காதுகுத்து அன்று எங்களுக்குக் காலை நேரம், அவர்களுக்கு மதியம். அத்தை பட்டுச் சேலை கட்டியிருந்தார். கோயிலுக்குப் போவதுபோல என் மனைவி பூ வைத்துவிட்டாள். மகள் வீடியோ போட்டுப் போனை எங்கோ மேஜையில் சாய்த்து வைத்தாள். ஹாலில் பாய் விரித்து, மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். கூடத்துப் படத்திலிருந்த மாமாவின் நெற்றி அப்படியே இருந்தது. மடியில் குழந்தை, அவன் வாங்கிவந்த பாவாடையில். மகள் மேடிட்ட வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் தோளைப் பிடித்திருந்தாள்.

அவன் போன் இருந்த பக்கமே திரும்பவில்லை. குழந்தைக்கு அப்பளம் காட்டினான், அக்காவிடம் பேசினான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த கழுத்து, அதனாலேயே விறைப்பாக இருந்தது. அத்தை திரையில் அக்காவின் கை தம்பியின் தோளில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் தெரிந்த பெண் ஒருத்தி காது குத்த வந்திருந்தாள். முதல் காதில் குத்தியதும் குழந்தை வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு மாமன் சட்டையைப் பிடித்து இழுத்தது. காது மடலில் ஒரு பொட்டு ரத்தம். அவன் முகம் வெளுத்துப்போனது. அக்காவைப் பார்க்கவில்லை, நர்ஸைப் பார்க்கவில்லை. சடாரென்று போனைப் பார்த்துத் திரும்பினான்.

"அம்மா! ரத்தம் வருதும்மா!"

அத்தை நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ நாள் மடியில் வைத்துக் காத்திருந்த போனை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஒரு பொட்டுதான்டா. ஒன்னும் செய்யாது."

"ரொம்ப அழுகுதும்மா."

அழுதது குழந்தை மட்டும் இல்லை. அவன் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் குழந்தை. மகள் தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அது அத்தைக்கு இங்கே தெரிந்தது. அவர் குரல் மட்டும் அசையாமல் வந்தது.

"அழுகாம பிடிடா. இன்னொரு காது இருக்கு."